பக்கத்துச் சராசரி

பதினேழாம் பெட்டியின் கதவில் உள்ளங்கையை வைத்த வினோதினி வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். நம்ப முடியாமல் ஒரு கணம் நின்றாள். பிறகு புறங்கையைக் கதவுக்கு ஒரு விரல் தள்ளி, தொடாமல் நிறுத்திப் பார்த்தாள். தொடாமலே தெரிந்தது. அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய இட்லிப் பானைக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் அடிக்குமே, அந்த அனல்.

பக்கத்திலிருந்த பதினாறைத் தொட்டாள். மழை ஈரத்தோடு சில்லென்று இருந்தது. பதினெட்டும் அப்படித்தான்.

தோளில் மாட்டியிருந்த டேப்லெட்டை எடுத்துப் பதினேழின் கணக்கைத் திறந்தாள். உள் வெப்பம் முப்பத்தொரு டிகிரி என்றது. பச்சை நிறத்தில், ஒரு குறையும் இல்லாமல்.

புயல் கரையைக் கடந்து அது மூன்றாம் நாள். காலை பதினொரு மணி இருக்கும். மழை விட்டிருந்தது, வெயில் வரவில்லை. தாழைப்பட்டினத்துக்கு வெளியூரிலிருந்து மின்சாரம் கொண்டுவரும் உயரக் கோபுரங்களில் ஏழு, வயலில் மடங்கிக் கிடந்தன. செல்போன் கோபுரங்களும் போய்விட்டன. அப்படியிருந்தும் ஊரில் விளக்கு எரிந்தது, மோட்டார் ஓடியது என்றால் அதற்குக் காரணம் உப்பளத்து மேட்டில் நின்ற இந்த இருபது வெள்ளைப் பெட்டிகள்தான்.

ஒவ்வொன்றும் லாரியில் ஏற்றும் சரக்குப் பெட்டி அளவு. உள்ளே, அலமாரி அலமாரியாக ஐயாயிரம் பேட்டரிக் கட்டிகள். பகலில் சூரியத் தகடுகளிலிருந்து வாங்கி நிரப்பிக்கொண்டு, வேண்டிய நேரத்தில் ஊருக்குக் கொடுக்கும். நாலு பெட்டிக்கு ஒரு இன்வெர்ட்டர் வீதம் ஐந்து குழுக்கள். ஐந்தும் சேர்ந்து ஒரே லைனாக ஊருக்குப் போனது. நிலையம் வந்த பிறகு தாழைப்பட்டினத்தில் கரண்ட் போவது என்பதே மறந்துபோன விஷயமாகிவிட்டது. ஐஸ் பேக்டரிக்காரர் தம் ஜெனரேட்டரைப் பழைய இரும்புக்குப் போட்டார். அரசு ஆஸ்பத்திரியும் இரண்டு வருஷத்துக்கு முன் தன்னுடையதைக் கழற்றி அனுப்பிவிட்டு, அந்த இடத்தில் சைக்கிள் ஷெட் போட்டிருந்தது.

"பாய்," என்று கூப்பிட்டாள். குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "அந்த வெப்பத் துப்பாக்கிய எடுத்துட்டு வாங்க."

சிக்கந்தர் ஐம்பத்தைந்து வயதுக்காரர். நிலையத்தின் முதல் பெட்டி கிரேனில் இறங்கிய நாளிலிருந்து அங்கேயே இருந்த டெக்னீஷியன். புயலுக்குப் பிறகு அவரும் பொறியாளரான வினோதினியும்தான் நிலையத்தில் இருந்தார்கள். மாற்று ஆட்கள் வரவேண்டிய சாலை தண்ணீருக்கடியில் கிடந்தது. அவர் தொடாமலே சூட்டை அளக்கும் அந்தக் கருவியைக் கதவுக்கு நேராகப் பிடித்தார்.

"ஐம்பத்தெட்டு," என்றார். பிறகு டேப்லெட்டை எட்டிப் பார்த்தார். "இதுல முப்பத்தொண்ணுன்னு போட்டிருக்கு?"

"வெளித்தகடு ஐம்பத்தெட்டு பாய். நடுவுல நாலு அங்குலம் பஞ்சு அடைச்சிருக்கு. உள்ள எவ்வளவுன்னு நினைச்சுப் பாருங்க."

அவர் நினைத்துப் பார்த்தார். கருவியைப் பிடித்திருந்த கை தானாகக் கீழே இறங்கியது. "அப்ப ஸ்கிரீன் ஏன் அப்படிக் காட்டுது?"

அவளுக்குத் தெரியும். கை சுட்ட அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது. அதைச் சொல்ல வாய் வராமல்தான் நின்றிருந்தாள்.

"உள்ள இருக்கிற வெப்பமானி எல்லாம் பேச்சை நிறுத்திடுச்சு பாய். கடல் தண்ணி காத்தோட உள்ள போய் வயரை அரிச்சிருக்கும். ஒரு வரிசை முழுக்க மௌனம். மௌனமா இருந்தா பக்கத்துல இருக்கிறதோட சராசரிய எடுத்துப் போட்டுக்கோன்னு இதுக்குச் சொல்லிவச்சிருக்கு. பக்கத்துப் பெட்டி முப்பத்தொண்ணு. அதனால இதுவும் முப்பத்தொண்ணு."

"எந்தப் புண்ணியவான் சொல்லிவச்சான்?"

"நான்தான்."

சிக்கந்தர் அவளைப் பார்த்தார்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் நடந்தது அது. நிலையம் புதிது. உப்புக் காற்றில் வாரத்துக்கு ஒரு வெப்பமானி கெட்டுப்போகும். ஒன்று மௌனமானாலும் கட்டுப்பாட்டு இயந்திரம் மோசமானதை நினைத்துக்கொண்டு அந்தப் பெட்டியையே நிறுத்திவிடும். ஒரு நாள் அப்படி நின்றதில் ஊருக்கு நாலு நிமிஷம் கரண்ட் போனது. ஆஸ்பத்திரியில் அப்போது ஒரு பெண்ணுக்கு வயிற்றைக் கிழித்துப் பிள்ளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளையும் தாயும் பிழைத்தார்கள். ஆனால் மறுநாள் ஊரே நிலையத்தின் வாசலில் வந்து நின்றது. அன்றைக்குத்தான் வினோதினி தலைமை அலுவலகத்துக்கு எழுதினாள். ஒரு வெப்பமானி பேசாவிட்டால் அதன் பக்கத்தில் இருப்பவற்றின் சராசரியை எடுத்துக்கொள்ளலாம், வீணாக நிறுத்த வேண்டியதில்லை என்று. இரண்டு பக்கக் கடிதம். அலுவலகம் ஏற்றுக்கொண்டு, நல்ல யோசனை என்று பாராட்டுக் கடிதமும் அனுப்பியது. எத்தனை வெப்பமானி வரைக்கும் மௌனமாக இருக்கலாம், எதற்கு மேல் நிறுத்தியே ஆகவேண்டும் என்ற ஒரு வரி மட்டும் அந்த இரண்டு பக்கத்தில் இல்லை. அவள் எழுத மறந்தாள். படித்தவர்கள் யாரும் கேட்கவில்லை.

"அறுபத்தொண்ணு," என்றார் சிக்கந்தர், மறுபடி கருவியைத் தூக்கி.

"கதவைத் திறக்கக் கூடாது. உள்ள வாயு சேர்ந்திருக்கும். காத்து பட்டா வெடிக்கும்."

"திறக்க மாட்டேன் மேடம். இங்கேயே நிக்கணுமான்னுதான் யோசிக்கிறேன்."

இருவரும் இருபது அடி பின்வாங்கினார்கள். வினோதினி காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தாள். கம்பி வேலியில் சிக்கியிருந்த ஒரு பாலித்தீன் பை மேற்கே நீட்டிக்கொண்டு படபடத்தது. மேற்கே, நானூறு மீட்டரில், மேல்நிலைப் பள்ளி. புயல் முகாமில் ஆயிரத்துச் சொச்சம் பேர் அங்கே இருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்கு வரிசை நிற்கும் சத்தம் இங்குவரை கேட்டது. பள்ளியைச் சுற்றி இடுப்பளவு தண்ணீர். அத்தனை பேரைப் படகில் ஏற்றி நகர்த்துவதென்றால் பொழுது சாய்ந்துவிடும்.

ஒரு பெட்டி பற்றினால் அந்தப் புகையை மூச்சில் இழுப்பவர்களின் நுரையீரல் வெந்துபோகும். பெட்டிக்கும் பெட்டிக்கும் இடைவெளி மூன்றே மீட்டர். பதினேழோடு நிற்காது.

"அதை மட்டும் கழட்டிவிடலாமே," என்றார் சிக்கந்தர். "பதினேழை மட்டும்."

"டேப்லெட்லயே உத்தரவு கொடுத்துப் பாத்துட்டேன். சுவிட்ச் பிடிச்சுக்கிட்டு நிக்குது. சூட்டுல உள்ள ஒட்டிடுச்சுபோல."

"வெளியில கை லிவர் இருக்குல்ல?"

"கரண்ட் ஓடும்போது அதை இழுத்தா, இழுத்த இடைவெளியில நெருப்பு பாலம் கட்டி நிக்கும். இழுத்த ஆள் இருக்க மாட்டார் பாய். முதல்ல இன்வெர்ட்டரை நிறுத்தணும். ஐந்தாம் குழு மொத்தமும் நிக்கணும்."

அதில் வேறொரு சிக்கல் இருந்தது. மூன்று நாளாக வெயில் இல்லாததால் முதல் மூன்று குழுக்களும் வற்றிப்போயிருந்தன. நாலாம் குழுவும் ஐந்தாம் குழுவும்தான் ஊரைத் தாங்கின. ஐந்தை நிறுத்தினால் மொத்தப் பாரமும் நாலின் தலையில் விழும். அது மூன்று வினாடிகூடத் தாங்காமல் விழுந்துவிடும். அப்படி விழுந்ததை மறுபடி எழுப்ப ஒவ்வொரு பெட்டியாகச் சோதிக்கவேண்டும். சாயங்காலம்வரை ஊர் இருட்டு. ஊருக்குள் பாரத்தைக் குறைக்கலாம் என்றால், தெருத் தெருவாக அணைக்கும் சுவிட்சுகளுக்குச் செய்தி போகும் வழி புயலில் அறுந்துவிட்டது.

"நாமளே முறையா எல்லாத்தையும் நிறுத்தி, லிவரை இழுத்துட்டு, முறையா திரும்ப எழுப்பினா?"

"பதினொரு நிமிஷம்."

"அவ்வளவுதானே?"

வினோதினி இடுப்பிலிருந்து வயர்லெஸ்ஸை எடுத்தாள். போன்கள் செத்த பிறகு ஆஸ்பத்திரிக்கும் நிலையத்துக்கும் இருந்த ஒரே தொடர்பு அதுதான்.

"பெர்னதெத் சிஸ்டர், நான் வினோதினி பேசறேன். உப்பளம் நிலையம்."

"சொல்லும்மா." தலைமை நர்ஸின் குரல் மூன்று நாள் தூங்காத குரல்.

வினோதினி சொன்னாள். பயத்தில் முதலில் பின்னதையும் பிறகு முன்னதையும் சொல்லி, நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

"நாலு பேர் வென்டிலேட்டர்ல இருக்காங்க," என்றார் சிஸ்டர். "அந்த மெஷினோட பேட்டரி எல்லாம் பழசு. ரெண்டு நிமிஷம் வரும், மூணு நிமிஷம் வரும். மிச்சத்துக்குக் கையால பலூனை அமுக்கணும். ஆளுக்கொருத்தர் நிப்போம். பிறந்த குழந்தை ரெண்டு இருக்கு, அதுங்களை அம்மா நெஞ்சோட சேத்துப் போர்த்திடலாம். இங்க சமாளிப்போம்மா. வீட்டுல இருக்கிறவங்கதான்."

"வீட்டுலயா?"

"வீட்டுல ஆக்சிஜன் மெஷின் வச்சிருக்கிறவங்க ஒன்பது பேர். கரண்ட் நின்னா மெஷின் நின்னுடும். சின்ன சிலிண்டர் கொடுத்திருக்கோம். அது காலியா இருக்கா, நிறைஞ்சிருக்கா, மாட்டத் தெரிஞ்ச ஆள் வீட்டுல இருக்கா, ஒண்ணும் தெரியாது. சொல்லாம நிறுத்தினா செத்துப்போவாங்க."

"எவ்வளவு நேரம் வேணும் சிஸ்டர்?"

"நீ எவ்வளவு கொடுப்ப?"

சிக்கந்தர் கருவியைக் காட்டினார். அறுபத்துநாலு.

"இருபத்தஞ்சு நிமிஷம்," என்றாள் வினோதினி. அந்த எண்ணை எங்கிருந்து எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது.

சிஸ்டர் ஆஸ்பத்திரியிலிருந்த துப்புரவுப் பெண்கள், ஆம்புலன்ஸ் டிரைவர், நோயாளிக்குத் துணையாக வந்திருந்தவர்கள் என்று கண்ணில் பட்டவர்களை எல்லாம் திசைக்கொருவராக அனுப்பினார். வினோதினியும் சிக்கந்தரும் தீயணைப்புக் குழாயை இழுத்துக்கொண்டுபோய்ப் பதினாறுக்கும் பதினேழுக்கும் நடுவே வைத்துத் தண்ணீரைத் திறந்தார்கள். பதினேழின் பக்கச் சுவரில் பட்ட தண்ணீர் வழியும்போதே ஆவியாகக் கிளம்பியது. கதவின் மேல்விளிம்பில் வெள்ளைப் பெயின்ட் பழுப்பேறி, சின்னச் சின்னக் கொப்புளமாக எழும்ப ஆரம்பித்திருந்தது.

வயர்லெஸ் அவ்வப்போது பேசியது. மூன்று வீடு சொல்லியாச்சு. ஐந்து. ஒரு வீட்டில் சிலிண்டர் காலி, ஆம்புலன்ஸிலிருந்ததைக் கழற்றிக் கொடுத்தாச்சு. ஏழு. எட்டு.

ஒன்பதாவது வீட்டைப் பற்றிச் செய்தி வரவில்லை.

"உப்போடைத் தெரு," என்றார் சிஸ்டர். "சந்தியாகுன்னு ஒருத்தர். படகு எஞ்சின் மெக்கானிக்கா இருந்தவர். நுரையீரல் முழுக்கப் போயிடுச்சு. மெஷின் இல்லாம பத்து நிமிஷம்கூடத் தாங்க மாட்டார். பாலத்துக்கு மேல தண்ணி போகுதாம்மா. அனுப்பின ஆள் திரும்பி வந்துட்டான். படகு தேடிட்டிருக்கோம்."

வினோதினி டேப்லெட்டில் ஊர் வரைபடத்தைத் திறந்தாள். உப்போடைத் தெரு, முப்பத்தெட்டு வீடுகள். பச்சை. அந்தத் தெரு அந்த நிமிஷத்தில் இழுத்துக்கொண்டிருந்த மின்சாரத்தின் அளவுகூட ஓரத்தில் எழுதியிருந்தது. அந்த அளவில் ஒரு துளி, ஒரு மனிதரின் மூக்குக் குழாயில் காற்றாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று நினைத்தாள். திரையில் விரலால் அந்தத் தெருவைத் தொட்டாள். அது கொஞ்சம் பெரிதாகி, மறுபடி பழையபடி ஆனது.

"மேடம்." சிக்கந்தரின் குரல் தாழ்ந்திருந்தது. "எழுபத்தொண்ணு. அப்புறம் ஒரு வாடை வருது. இனிப்பா, பெயின்ட் தின்னர் மாதிரி."

அவளுக்கும் அடித்தது. பேட்டரிக் கட்டிகள் வாய் திறந்து வாயுவைக் கக்கத் தொடங்கிவிட்டன.

"இன்னும் அஞ்சு நிமிஷம் கொடும்மா," என்றது வயர்லெஸ். "ஒரு வள்ளம் கிடைச்சிருக்கு."

பள்ளிக்கூடத்திலிருந்து தட்டுகள் உரசும் சத்தம் வந்தது. யாரோ ஒலிபெருக்கியில், சாம்பார் தீர்ந்துவிட்டது, ரசம் இருக்கிறது என்று சொன்னார்கள். வினோதினி டேப்லெட்டில் நிலையத்தை நிறுத்தும் பொத்தானைக் கொண்டுவந்தாள். இத்தனை வருஷத்தில் எத்தனையோ முறை பயிற்சிக்காக அந்த நிறுத்தும் பொத்தானை அழுத்தியிருக்கிறாள். இப்போது அதன்மேல் வைத்த விரல் தன்னுடையது மாதிரியே இல்லை.

"கொடுக்க முடியாது சிஸ்டர்," என்றாள். "மன்னிச்சிடுங்க. நிறுத்தறேன்."

"சரி," என்றார் சிஸ்டர். பிறகு அங்கே யாரிடமோ, "எல்லாரும் பலூனை எடுங்க," என்று சொல்வது கேட்டது.

இன்வெர்ட்டர்களின் இரைச்சல் ஒவ்வொன்றாக இறங்கி அடங்கியது. நிலையம் அப்படி அமைதியானதை அவள் கேட்டதே இல்லை. கரண்ட் ஓட்டம் பூஜ்யம் என்று இரண்டு தடவை கரண்ட் அளக்கும் கருவியால் பார்த்து உறுதி செய்துகொண்டாள். சிக்கந்தர் ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு, பெட்டியின் பக்கவாட்டிலிருந்த சிவப்பு லிவரை இரண்டு கையாலும் பிடித்தார். அவர் உதடு அசைந்தது, பிரார்த்தனை. இழுத்தார். அது அசையவில்லை. வினோதினி அவர் கைமேல் தன் கையை வைத்துச் சேர்ந்து இழுத்தாள். முகத்தில் அனல் அடித்தது, கண் எரிந்தது. மூன்றாவது இழுப்பில் லிவர் மளுக்கென்று மடங்கி வந்தது. இருவரும் சேற்றில் பின்னால் விழுந்தார்கள்.

எழுந்தோடித் தண்ணீர்க் குழாயைப் பெட்டியின் அவசரத் தண்ணீர்த் துளையில் செருகி, உள்ளே பாய விட்டார்கள். பெட்டிக்குள்ளிருந்து ஒரு பெரிய மிருகம் சீறுகிற மாதிரி சத்தம். கூரை ஓரத்திலிருந்து நீராவி பீறிட்டு மேற்கே சாய்ந்தது. அதில் கருப்பு கலக்கிறதா என்று பார்த்துக்கொண்டே அவள் நாலாம் குழுவை எழுப்பும் வேலையைத் தொடங்கினாள். வயர்லெஸ்ஸில் சிஸ்டர் யாருக்கோ எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அமுக்கு, விடு. அமுக்கு, விடு. அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டாள். நாலாம் குழு எழுந்தது. பிறகு ஐந்தாம் குழுவில் மிச்சமிருந்த மூன்று பெட்டிகள். லைனை மூடினாள்.

பதினொரு நிமிஷம் இருபது வினாடி.

"வந்துடுச்சு," என்றார் சிஸ்டர். "நாலு பேரும் இருக்காங்க. குழந்தைங்க தூங்குது." அப்புறம்தான் வினோதினிக்கு அவர் அழுவது கேட்டது.

வெப்பத் துப்பாக்கி அறுபத்தாறு காட்டியது. கால் மணி நேரத்தில் ஐம்பது. உள்ளே ஏதோ ஓர் இணைப்பு தளர்ந்து, ஓடிய கரண்டெல்லாம் அந்த இடத்தில் சூடாகித் தீய்த்திருக்க வேண்டும். ஓட்டம் நின்றதும் தணிய ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்தில் யாருக்கும் எதுவும் தெரியாது. பந்தி நடந்துகொண்டிருந்தது.

"வள்ளம் உப்போடைக்குப் போச்சா?" என்று வயர்லெஸ்ஸில் கேட்டாள்.

"கயிறு அறுந்து ஓடை முகத்துக்கு அடிச்சுட்டுப் போயிடுச்சாம். ஆளுங்க நீந்திக் கரையேறிட்டாங்க. யாரும் போய்ச் சேரல."

பெட்டியைப் பார்த்துக்கொள்ளும்படி சிக்கந்தரிடம் சொல்லிவிட்டு, நிலையத்திலிருந்த அவசர ஆக்சிஜன் சிலிண்டரைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் நடந்தாள். போவதால் இனி என்ன பயன் என்று அவர் கேட்கவில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. ஓடைப் பாலத்தின் கைப்பிடிக் கம்பி மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சளவு தண்ணீரில், சிலிண்டரைத் தலைக்கு மேல் தூக்கியபடி ஒவ்வோர் அடியாகக் கடந்தாள். பாதியில் ஒருமுறை கால் தரையை விட்டுவிட்டது. கம்பியைக் கட்டிக்கொண்டு தொங்கி, மறுபடி கால் பாவும்வரை காத்திருந்தாள்.

உப்போடைத் தெருவில் மூன்றாவது வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தன. ஆட்கள் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே கட்டில், அதன் தலைமாட்டில் இரண்டு மெழுகுவத்தி. வெள்ளைத் துணி போர்த்திய ஓர் உருவம்.

சிலிண்டர் அவள் தோளிலிருந்து வழுக்கிச் சேற்றில் இறங்கியது.

முப்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண் எழுந்து வந்தாள். சந்தியாகுவின் மகள் அனிட்டா. நனைந்த சீருடையையும் அதிலிருந்த நிலையத்தின் முத்திரையையும் சிலிண்டரையும் பார்த்தாள்.

"நான்தான் நிறுத்தினேன்," என்றாள் வினோதினி. யோசித்து வைத்திருந்த எந்த வார்த்தையும் வரவில்லை. "கரண்டை. வேற வழி இல்லாமப் போச்சு. பதினொரு நிமிஷம். உங்களுக்குச் சொல்ல ஆள் அனுப்பினோம், வர முடியல."

அனிட்டாவுக்குப் புரியவில்லை என்று முகத்தில் தெரிந்தது. "எப்ப?"

"இப்பத்தான். பன்னெண்டு மணிக்கு."

"அப்பா நேத்தே போயிட்டாங்க. மத்தியானம் மூணு மணிக்கு."

வினோதினியின் உடம்புக்குள் ஏதோ ஒன்று தளர்ந்தது. நேற்று. அப்படியென்றால் என்னால் இல்லை. அந்த நிம்மதி ஒரே ஒரு மூச்சுக்கு இருந்தது. ஒரு பிணத்தின் வாசலில் நின்றுகொண்டு தனக்கு அது வந்ததற்காக அவள் பின்னால் பல காலம் வெட்கப்பட்டாள்.

"மெஷின் கெட்டுப்போச்சா?" என்று கேட்டாள்.

"மெஷினுக்கு என்ன? கரண்ட் இல்ல." அனிட்டா தெருமுனையைக் கைகாட்டினாள். அங்கே மின்கம்பம் வேரோடு சாய்ந்து, கம்பிகள் தண்ணீருக்குள் கிடந்தன. "புயலன்னிக்குக் காலையிலயே சாஞ்சுடுச்சு. சிலிண்டரைக் கொஞ்சங் கொஞ்சமா திறந்து வச்சு ஓட்டினோம். நேத்து மத்தியானம் வரைக்கும் வந்துச்சு."

"மூணு நாளாவா? யார்கிட்டயும் சொல்லலையா?"

"எங்க வீட்டுக்காரர் அன்னிக்கே கழுத்தளவு தண்ணியில உங்க கம்பெனி கவுன்ட்டருக்குப் போனார். அங்க இருந்தவர் கம்ப்யூட்டரைப் பாத்துட்டு, உங்க தெருவுக்குச் சப்ளை இருக்கு, உங்க வீட்டு ஃபியூஸைப் பாருங்கன்னு அனுப்பிட்டார். மறுநாளும் போனார். அதேதான் சொன்னாங்க."

வினோதினி டேப்லெட்டை எடுத்தாள். ஈரக் கையில் திரை திறக்க நேரமானது. உப்போடைத் தெரு, முப்பத்தெட்டு வீடு, பச்சை. ஓரத்தில் அளவு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, யாரோ மிக்ஸி போட்டு நிறுத்துவது மாதிரி.

போன வருஷம் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த சுற்றறிக்கை ஞாபகம் வந்தது. பெட்டிகளில் நன்றாக வேலை செய்யும் ஒரு விதியை இனி மின்கம்பி வழியாகவே கணக்கு அனுப்பும் ஊரின் வீட்டு மீட்டர்களுக்கும் விரிவாக்குகிறோம் என்று இருந்தது. படித்துவிட்டதாகக் கையெழுத்துப் போட்டாள். முதல் வரிக்கு மேல் படிக்கவில்லை. செய்தி அனுப்பாத தெருவுக்குப் பக்கத்துத் தெருக்களின் சராசரி.

அவள் அதை அனிட்டாவிடம் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. யார் அந்த யோசனையை எழுதிக் கேட்டது என்பதையும், எதை எழுத மறந்தாள் என்பதையும் சொன்னாள். வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் எழுந்து இரண்டடி வந்தார். அனிட்டா கையைக் காட்டி அவரை உட்காரச் சொன்னாள்.

"இதுல எங்க வீடு எது?" என்றாள்.

வினோதினி காட்டினாள்.

அனிட்டா அந்தப் பச்சைப் புள்ளியை ரொம்ப நேரம் பார்த்தாள். "இப்பவும் எங்க வீட்டுல ஃபேன் ஓடுதுன்னு சொல்லுதா?"

"ஆமா."

"அப்பா உயிரோட இருந்தப்பவும் இப்படித்தான். போனப்புறமும் இப்படித்தான்." அவள் டேப்லெட்டைத் திருப்பிக் கொடுத்தாள். கோபப்படுவாள் என்று வினோதினி காத்திருந்தாள். அனிட்டாவின் முகத்தில் வேறு ஏதோ வந்தது. அவள் தண்ணீருக்கு அப்பால், ஊரைப் பார்த்தாள். "எங்க தெரு ஒண்ணுக்கு மட்டுமா இப்படிச் சொல்லிட்டிருக்கு?"

வினோதினி சேற்றில் கிடந்த சிலிண்டரைக்கூட எடுக்காமல் திரும்பி நடந்தாள்.

பாலத்தை எப்படித் திரும்பக் கடந்தாள் என்பது அவளுக்கு நினைவில்லை. நிலையத்துக்கு வந்ததும் கட்டுப்பாட்டு அறைக்குள் ஈரத்தோடு போய் உட்கார்ந்தாள். விதிகளின் பட்டியலைத் திறந்தாள். சிக்கந்தர் பின்னால் வந்து நின்றார்.

"என்ன மேடம் பண்றீங்க?"

"சராசரியை எடுக்கறேன் பாய். பேசாததைப் பேசலைன்னே காட்டட்டும்."

சுவர்த்திரையில் தாழைப்பட்டினம் முழுக்கப் பச்சையாக இருந்தது, அறுபத்திரண்டு தெருக்களும். அவள் விதியை நீக்கினாள். ஒரு வினாடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு உப்போடைத் தெரு சாம்பல் நிறமானது. அதற்கடுத்து வண்ணாந்துறை. சுங்கச்சாவடி மேற்கு. கொல்லம்பட்டறைத் தெரு. ஆஸ்பத்திரிக்குப் பின்னாலிருந்த ஒரு முடுக்குகூட. வரைபடத்தில் மழை தூறுவது மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சாம்பல் விழுந்து, நின்றது.

சிக்கந்தர் விரல்விட்டு எண்ணினார். "பத்தொன்பது."

இவற்றில் சிலவற்றில் கரண்ட் இருக்கலாம், மீட்டர் மட்டும் கெட்டிருக்கலாம். எவற்றில் என்று போய்ப் பார்க்காமல் சொல்ல முடியாது. வினோதினி சிஸ்டருக்கு வயர்லெஸ்ஸில் பத்தொன்பது பெயர்களையும் படித்தாள். சிஸ்டர் குறுக்கே பேசாமல் எழுதிக்கொண்டார். முகாமில் ஆள் கேட்பதாகவும், தெருவுக்கு இருவராக அனுப்புவதாகவும் சொன்னார். பதினேழாம் பெட்டி ஆறிக்கொண்டிருந்தது. சிக்கந்தர் காவலுக்கு இருந்தார். வெளிச்சம் இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.

நிலையத்துக்கு மிகப் பக்கத்தில் இருந்த சாம்பல் தெரு கொல்லம்பட்டறைத் தெரு. அங்கே அவளே போனாள். தெரு விளக்கு எரியவில்லை, எந்த வீட்டிலும் மோட்டார் சத்தம் இல்லை. சேறு சொதசொதவென்று இருந்தது. முதல் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. வாசலில் ஒரு ஜோடி செருப்பு, மழையில் ஊறி.

கதவைத் தட்டினாள். "யாராவது இருக்கீங்களா? கரண்ட் நிலையத்துல இருந்து வர்றேன்."

உள்ளே சத்தமில்லை. முகாமுக்குப் போயிருப்பார்கள், சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருப்பார்கள், நன்றாகத்தான் இருப்பார்கள் என்று அவள் மனம் தானாகவே சொல்ல ஆரம்பித்தது. அதைக் கேட்காமல், இன்னும் பலமாகத் தட்டினாள்.